ஆகஸ்ட்டில் அடைத்தால் அடுத்த ஆகஸ்ட் வரை

அமெரிக்காவின் ஒஹையோ, பென்சில்வேனியா மாநிலக் கிராமங்களில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அடுப்புக்கு ஓய்வு கிடையாது. இரண்டு மாதம் பச்சையாகத் தொங்கிய தக்காளி ஒரே வாரத்தில் மொத்தமாகச் சிவக்கிறது. பீன்ஸை ஒருநாள் பறிக்காமல் விட்டால் முற்றிப்போகிறது. பீச் பழம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அக்டோபரில் முதல் உறைபனி விழுந்துவிட்டால் தோட்டத்தின் கதை அந்த ஆண்டுக்கு முடிந்தது. மறுபடி கொடியில் காய் பார்க்க ஜூன் ஆகும். இடைப்பட்ட எட்டு மாதமும் வீட்டுக்குச் சோறு போடுவது நிலவறை அலமாரியில் நிற்கும் கண்ணாடி ஜாடிகள்தான்.

விளைந்ததைச் சூடாக்கி, காற்றுப் புகாமல் ஜாடியில் அடைத்து, ஆண்டு முழுக்கக் கெடாமல் வைத்திருக்கும் இந்த வேலையை அங்கே கேனிங் என்கிறார்கள். நாலு பேர் வீட்டில் இது பொழுதுபோக்காக இருக்கலாம். பத்துப் பேர் வீட்டில் கணக்கே வேறு.

வாரத்துக்கு இரண்டு ஜாடி தக்காளி என்று வைத்துக்கொள்வோம். ஜாடி ஒன்று ஒரு குவார்ட், அதாவது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்டுக்கு 104 ஜாடி வேண்டும். ஒரு புஷல் கூடையில் 24 கிலோ தக்காளி இருக்கும். நசுக்கி அடைத்தால் 17 முதல் 20 ஜாடி தேறும். அப்படியானால் சுமார் 135 கிலோ தக்காளி. அதே அளவு பீன்ஸ் வேண்டுமென்றால் ஜாடிக்கு ஏறக்குறைய 900 கிராம் வீதம் 94 கிலோ. வழக்கமான பாத்திரத்தில் ஒரு தடவைக்கு ஏழு ஜாடிதான் கொள்ளும். தக்காளிக்கு 15 ஈடு, பீன்ஸுக்கு 15 ஈடு. பீன்ஸைக் கழுவி, கிள்ளி, நிரப்பி, அழுத்தத்தில் வைத்து எடுத்து ஆறவிட, ஈட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பீச், ஆப்பிள் கூழ், வெள்ளரி ஊறுகாய், சோளம், பீட்ரூட், இறைச்சி எதையும் இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

இவ்வளவு உழைப்பும் ஒரு மெல்லிய உலோக மூடியை நம்பி நிற்கிறது. அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

சமையல்காரரும் தகரக் கொல்லரும்

பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர், மிட்டாய், சமையல் தொழிலில் ஊறியவர். கண்ணாடிப் புட்டியில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் நீண்ட நேரம் வைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்பதைப் பல ஆண்டுகள் செய்து பார்த்தே கண்டுபிடித்தார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. முறையை எல்லோரும் அறிய வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் அதே ஆண்டில் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆனால் உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கம் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

புட்டி மலிவாக, திரும்பத் திரும்பப் பயன்படும்படி வீட்டுக்குள் வந்தது அமெரிக்காவில். ஜான் லாண்டிஸ் மேசன் என்ற தகரக் கொல்லர், கழுத்தில் மரை போட்ட கண்ணாடி ஜாடிக்கு 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை பெற்றார். காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்கு அந்த ஜாடியைச் செய்யத் தொடங்கினார்கள். பால் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஐந்து சகோதரர்கள், இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்த இண்டியானாவின் மன்ஸி நகருக்குத் தங்கள் கண்ணாடித் தொழிலை மாற்றி, இந்த ஜாடியை நாடெங்கும் கொண்டுபோனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெர் நிறுவனம் இரண்டு துண்டு மூடியைப் பரப்பியது. ஓரத்தில் ரப்பர்ப் பசை பூசிய தட்டை வட்டு ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு மரை வளையம். ஜாடி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி வட்டு நடுவில் குழிந்து 'டிக்' என்று ஒலி எழுப்பும். நாள் முழுக்க அடுப்படியில் நின்றவர்கள் இரவில் ஒவ்வொரு ஜாடிக்கும் அந்த ஒலியை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஒலி ஜாடி மூடிக்கொண்டது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே இருப்பது பாதுகாப்பானது என்பதற்கு அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் உயிர்கள் போயிருக்கின்றன.

4.6 என்ற எல்லைக்கோடு

மண்ணில் எங்கும் இருக்கும் ஒரு பாக்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காற்றுப் பட்டால் அது வளராது. வித்தாகச் சுருண்டு காத்திருக்கும். தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியில் மற்ற கிருமிகள் சாகும். இந்த வித்து சாகாது. அடைத்த ஜாடி அதற்கு ஏற்ற இடம்: காற்று இல்லை, ஈரம் உண்டு, அறைச் சூடு உண்டு, போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை. வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் எந்த எச்சரிக்கையும் கிடைக்காமல் போகலாம். நஞ்சு உள்ளே போனவருக்கு இமை சரியும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும். கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இந்த நோய்க்குப் பாட்டுலிசம் என்று பெயர்.

அந்த வித்தை முளைக்கவிடாமல் தடுப்பது புளிப்பு. உணவின் அமிலத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது தலைதூக்காது. பெரும்பாலான பழங்கள், ஜாம், காடி ஊற்றிய ஊறுகாய் எல்லாம் அந்தப் பக்கம். அவற்றுக்குக் கொதிநீரே போதும். பீன்ஸ், சோளம், கேரட், உருளைக்கிழங்கு, இறைச்சி, மீன் எல்லாம் இந்தப் பக்கம். இவற்றுக்கு 116 டிகிரிச் சூடு தேவை. அழுத்தம் இல்லாமல் தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் போகாது. அதனால் பிரஷர் கேனர் என்ற பெரிய, கனத்த பாத்திரம். தக்காளி சரியாக எல்லைக்கோட்டிலேயே நிற்பது. சில ரகம் இப்படி, சில ரகம் அப்படி. எனவே குவார்ட் ஜாடி ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி புட்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். கையால் பிழிந்த சாறு கூடாது. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். புட்டிச் சாற்றில் அளவு நிலையானது.

அமிலம் குறைந்த உணவுக்கு அழுத்தம்தான் வழி என்று அமெரிக்க வேளாண் துறை 1917-லேயே சொல்லிவிட்டது. ஆனால் “எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து கொதிநீரில்தான் வைக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை” என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. 2015 ஏப்ரலில் ஒஹையோ மாநிலம் லங்காஸ்டர் நகரில் ஒரு தேவாலயத்தில் கூட்டு விருந்து நடந்தது. அவரவர் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் விருந்து. 77 பேர் கலந்துகொண்டார்கள். வீட்டில் ஜாடியில் அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட் ஒன்றும் பரிமாறப்பட்டது. கிழங்கை அடைத்தவர் பிரஷர் கேனரை அல்ல, கொதிநீரைப் பயன்படுத்தியிருந்தார். 29 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதுதான் மிகப் பெரிய பாட்டுலிசப் பாதிப்பு. எல்லோருக்கும் சேர்த்து அன்போடு செய்து எடுத்துவந்த ஒரு பாத்திரம்.

சமையலில் அனுபவத்துக்கு மேல் எதுவும் இல்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஜாடியில் அடைக்கும் வேலையில் மட்டும் அது உண்மை அல்ல. இங்கே பாட்டியின் கைப்பக்குவம் ஆய்வகத்தின் எண்ணுக்கு வழிவிட்டே ஆக வேண்டும். பீன்ஸுக்குக் குவார்ட் ஜாடியில் 25 நிமிடம், சோளத்துக்கு 85, துண்டு போட்ட இறைச்சிக்கு 90. இதில் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் சதுர அங்குலத்துக்கு 11 பவுண்ட் காட்டும் முள், ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரில் 13 காட்ட வேண்டும். அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உதகையில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுவே காரணம்.

10 சென்ட் நிலமும் தக்காளிச் சங்கமும்

இந்த எண்கள் வீடுகளுக்குள் தாமாக வந்துவிடவில்லை. கொண்டுவந்து சேர்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

தென் கரோலினாவின் எய்க்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை 1910-ல் சிறுமிகளுக்காகத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம், நம் கணக்கில் சரியாக 10 சென்ட். விதைத்து, பறித்து, தகர டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். வரும் பணம் சிறுமிக்கே சொந்தம். பருத்தியைத் தவிர வேறு பயிரை நம்பாத, பெண்பிள்ளையின் கையில் காசைப் பார்க்காத தெற்கு மாநிலக் கிராமங்களில் இது சிறிய செயல் அல்ல. முதல் ஆண்டில் பரிசு பெற்ற சிறுமி தன் 10 சென்ட் நிலத்திலிருந்து 512 டப்பா தக்காளி அடைத்தாள். கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் பெற்றாள். சில ஆண்டுகளில் இந்தச் சங்கங்கள் தெற்கு மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவின. இன்று அமெரிக்கக் கிராமப் பிள்ளைகளின் பெரிய அமைப்பாக இருக்கும் ஃபோர்-எச் இயக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

1914-ல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்கள் கண்டறிந்ததை விவசாயிகளின் வாசலுக்கே கொண்டுபோக அரசு ஆட்களை நியமித்தது. ஆண்களுக்கு உழவு, எரு என்று சொல்லிக்கொடுக்கப் போனவர்களோடு, வீட்டுப் பெண்களுக்குக் கற்றுத்தரப் பயிற்சி பெற்ற பெண்களும் போனார்கள். மண் சாலையில் வண்டியோட்டிப் போய், பள்ளிக்கூடத்திலோ யாராவது ஒருவர் வீட்டு முற்றத்திலோ அடுப்பு மூட்டி, ஜாடி அடைத்துக் காட்டினார்கள். 1930-களின் பெருமந்தக் காலத்தில் ஏழை விவசாயிகளுக்கு உதவிய அரசுத் துறை, கடனுதவியில் பிரஷர் கேனர் வாங்கவும் வழிசெய்தது. அந்தத் துறை எடுத்த புகைப்படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அலமாரி நிறைய அடுக்கிய ஜாடிகளுக்கு முன்னால், ஒட்டுப்போட்ட உடையில் நிமிர்ந்து நிற்கும் பெண்களை அவற்றில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பிறகு இரண்டாம் உலகப் போர். ராணுவத்துக்கும் நேச நாடுகளுக்கும் டப்பா உணவு தேவைப்பட்டதால் 1943 மார்ச்சில் டப்பா உணவுக்கு ரேஷன் வந்தது. சர்க்கரைக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. ஆனால் வீட்டில் பழம் அடைப்பவர்களுக்குக் கூடுதல் சர்க்கரை கொடுத்தார்கள். கொல்லை, பூங்கா, காலி மனை எங்கும் சுமார் இரண்டு கோடித் தோட்டங்கள் முளைத்தன. 1942-ல் 66,000 விற்ற பிரஷர் கேனர், 1943-ல் 3,15,000 விற்றது. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்குப் பொது அடைப்புக் கூடங்கள் திறந்தன. அந்த ஓராண்டில் வீடுகளிலும் கூடங்களிலும் அடைக்கப்பட்ட ஜாடிகள் 400 கோடிக்கும் மேல். வர்ஜீனியாவின் சில ஊர்களில் அப்படிப்பட்ட கூடங்கள் இன்றும் நடக்கின்றன. காய்கறியைக் கொண்டுபோனால் பெரிய கொப்பரைகளும் நீராவியும் அங்கே உண்டு. உழைப்பு மட்டும் நம்முடையது.

போர் முடிந்தது, ஃப்ரீசர் வந்தது, சூப்பர் மார்க்கெட் வந்தது. பெரும்பாலான வீடுகளில் ஜாடிகள் பரணுக்குப் போயின.

ஆமிஷ் வீடுகளில்

போகாத வீடுகளும் உண்டு. ஒஹையோவின் ஹோம்ஸ், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டங்களில் செறிந்து வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார், பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை. சில பிரிவினர் எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி வைத்துக்கொள்கிறார்கள். கட்டுப்பாடு மிகுந்த பிரிவினர் அதையும் ஏற்பதில்லை. வீட்டுக்குச் சராசரியாக ஆறேழு பிள்ளைகள். ஜாடி இல்லாமல் அங்கே குளிர்காலத்தைக் கடக்க முடியாது.

சாப்பிடும் வாய்களும் வீட்டோடு நிற்பதில்லை. ஆமிஷ்களுக்குத் தனியாகத் தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு நடக்கும். ஒரு வழிபாட்டு வட்டத்தில் இருபது முதல் நாற்பது குடும்பங்கள் வரை இருக்கும். வழிபாடு முடிந்ததும் அந்த வீட்டார் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். ரொட்டியோடு மேசைக்கு வரும் வெள்ளரி ஊறுகாயும் பீட்ரூட் ஊறுகாயும் கோடையில் அடைத்தவைதான். கல்யாணம் என்றால் முந்நூறு பேர் வந்து உட்காருவது சாதாரணம். பெண்ணுக்கு அந்த ஆண்டு கல்யாணம் என்று முடிவாகிவிட்டால், வசந்தத்தில் தோட்டத்தில் விதை ஊன்றும்போதே கணக்குப் பெரிதாகிவிடும்.

வேலை வயதுக்கு ஏற்றபடி பிரிகிறது. பெரியவர்கள் அடுப்பையும் அழுத்த முள்ளையும் பார்த்துக்கொள்வார்கள். கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். ஜாடியின் கழுத்துக்குள் கை நுழைவது பிள்ளைகளுக்குத்தான் என்பதால் கழுவும் வேலை அவர்களுடையது. அக்கம்பக்கத்துப் பெண்களும் அக்கா தங்கைகளும் ஒருவர் வீட்டு வேலைக்கு ஒருவர் வருவார்கள். ஒஹையோவின் ஷுகர்கிரீக்கிலிருந்து 1890 முதல் வெளிவரும் 'தி பட்ஜெட்' என்ற வாரப் பத்திரிகை, ஊர் ஊராக இருக்கும் ஆமிஷ் வாசகர்களின், அவர்களோடு நெருங்கிய மென்னனைட் பிரிவினரின் கடிதங்களால் நிறைவது. மழை, மாடு, மகப்பேறு, மரணம் எல்லாம் அதில் செய்தி, அறுவடையும் ஜாடியும்கூடத்தான்.

இதில் செலவு மிச்சமா என்று கேட்பவர்கள் உண்டு. கடையில் தக்காளி வாங்கி, புது ஜாடியும் கேனரும் வாங்கி, எரிவாயு செலவழித்து அடைத்தால் நட்டமாகவே முடியலாம். சொந்த நிலமும், தலைமுறையாகச் சேர்ந்த ஜாடியும், வீட்டிலேயே எட்டுக் கைகளும் இருந்தால் மட்டுமே அது லாபம். அந்த எட்டுக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை, அவர்களின் கூலி எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

உலர்ந்த தானியம், முப்பது ஆண்டு

ஈர உணவை அடைப்பது ஒரு பக்கம். உலர்ந்ததைச் சேர்த்துவைப்பது இன்னொரு பக்கம். அதில் பேர்பெற்றவர்கள் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் திருச்சபையினர். பெருமந்தத்தின் நடுவே 1936-ல் அவர்கள் தங்களுக்கென ஒரு நலத்திட்டம் தொடங்கினார்கள். சால்ட் லேக் சிட்டியில் 178 அடி உயரத் தானியக் களஞ்சியம் ஒன்றை எழுப்பினார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஓராண்டுக்கான உணவைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார்கள். 2007-ல் அது எளிதாயிற்று. வழக்கமாகச் சாப்பிடுவதில் மூன்று மாத இருப்பு, குடிநீர், கொஞ்சம் பணம், பிறகு முடிந்த அளவு நீண்டகால தானியம். பெரியவர் ஒருவருக்கு மாதத்துக்குச் சுமார் 11 கிலோ தானியமும் 2 கிலோவுக்குச் சற்று மேல் பயறும் என்பது அவர்கள் கணக்கு. கோதுமை, வெள்ளை அரிசி, பயறு ஆகியவற்றை ஆக்ஸிஜன் நீக்கிய டப்பாவில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள். தவிட்டோடு கூடிய அரிசி மட்டும் தாங்காது. அதன் எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும். குதிரும் பத்தாயமும் நிறைந்திருந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இருப்பு வைக்கும் ஆசை எப்போதெல்லாம் நாட்டைப் பிடிக்கிறதோ, அப்போதெல்லாம் முதலில் தீர்ந்துபோவது மூடி வட்டு. ஜாடியைப் பல ஆண்டு பயன்படுத்தலாம், வளையத்தையும் பயன்படுத்தலாம். வட்டு ஒரு தடவைக்குத்தான். விலைவாசி ஏறி மக்கள் தோட்டத்துக்குத் திரும்பிய 1975-ல் கடைகளில் வட்டு கிடைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. கொரோனா ஆண்டான 2020-லும் அதே கதை.

நம் அடுக்களைக்கு ஒரு வார்த்தை

மாசி, பங்குனி வெயில் நமக்கு இலவசம். வற்றலும் வடகமும் மோர்மிளகாயும் கருவாடும் ஈரத்தை எடுத்துவிடுவதால் நிற்கின்றன. மாவடுவை உப்பும், புளிக்காய்ச்சலைப் புளியும் எண்ணெயும் காக்கின்றன. அந்த வெயில் இல்லாத ஈரக் குளிர் நாட்டில் சூடும் காற்றுப்புகா மூடியும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அமெரிக்காவில் குடியேறிய தமிழ் வீடுகளிலும், இணையத்தில் பார்த்துவிட்டு இங்கேயும், வீட்டுக் குக்கரிலேயே ஜாடியை வைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரலாம். அது வேண்டாம். நம் குக்கர் எட்டும் சூடு குறைந்ததல்ல, சிக்கல் வேறு. கேனர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். சோதித்துச் சொன்ன நிமிடங்கள் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்தவை. சின்னப் பாத்திரம் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகள் நிமிர்ந்து நிற்கும் பாத்திரம் வேண்டும் என்பது வேளாண் துறையின் விதி. எடையைப் போடும் முன் பத்து நிமிடம் ஆவியை வெளியே விட்டு உள்ளிருக்கும் காற்றை விரட்டவும் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் மல்ட்டி குக்கர்களையும் இந்த வேலைக்கு அந்தத் துறை பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் அடைப்பதற்கான சோதித்த அளவுகளைத் திரட்டித் தரும் தேசிய மையம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் பட்டியலில் மாங்காய் உண்டு. பழுக்காத, கெட்டியான பச்சை மாங்காயைப் பாகில் இட்டுக் கொதிநீர் முறையில் அடைக்கலாம். பழுத்த மாம்பழத்தில் புளிப்பு போதாது. அதை வெட்டி ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். மாவோ அரிசியோ சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பையும், பாலும் வெண்ணெயும் கலந்த எதையும் ஜாடியில் அடைக்கக் கூடாது. கெட்டியான உணவின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்வதை வீட்டில் யாராலும் உறுதிசெய்ய முடியாது. மசித்த பரங்கிக்காய்க்கும் அதே தடை. கும்பலாக விருந்தாளிகள் வரும் வாரத்துக்கு முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய சாம்பாருக்கும் ஃப்ரீசர்தான் இடம்.